ரெய்னர்ஸ் லேனின் ஒரே ஆமிஷ்

ஒரு மனிதர் எளிமையாக வாழ்வதற்கு அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் உழைக்க வேண்டும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. லண்டனில், எங்கள் ரெய்னர்ஸ் லேனில், ஆமிஷ் அண்ணையைவிட எளிமையானவர் கிடையாது. அந்த எளிமை முழுவதும் ஓடியது எங்கள் வீட்டு மின்சாரத்தில்.

2009 தொடக்கத்தில் அவர் பக்கத்து பிளாட்டில் தனியாக இருந்த சாதாரண யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள், அமெரிக்காவில் மின்சாரமும் காரும் இல்லாமல், குதிரை வண்டியும் விவசாயமுமாக வாழும் ஆமிஷ் மக்களைப் பற்றி டிவியில் பார்த்தார். மறுநாளே அந்த டிவியைக் கொடுத்துவிட்டார். மீசையை மழித்துத் தாடியை மட்டும் விட்டார். பித்தான் ஆடம்பரமாம், எல்லாவற்றையும் வெட்டிவிட்டுச் சட்டையைக் குண்டூசியால் குத்திக்கொண்டார். அதன்பின் கல்யாண வீடுகளில் யாரும் அவரைக் கட்டித் தழுவவில்லை.

செல்போனை என்னிடம் நீட்டினார்.

"ஆமிஷ் ஆக்கள் வீட்டுக்குள்ள போன் வைக்கமாட்டினம், தங்கச்சி. வெளியில ஒரு கொட்டில்ல வைப்பினம்."

"கொட்டில் எங்கே அண்ணா?"

"உங்கட வீடுதான்."

அவருடைய மீனும் எங்கள் ஃபிரிட்ஜுக்கு வந்தது. காரை விற்றுவிட்டதால் சவுத்தாலுக்குக் காய்கறி வாங்க என் கணவர்தான் சாரதி.

"சொந்தமாக் கார் வைச்சிருக்கக் கூடாது, தம்பி. ஆரும் ஏத்தினா ஏறலாம்."

"ஹீட்டர் போடலாமா அண்ணா?"

"அது உங்கட கார். நான் என்னெண்டு வேண்டாமெண்டுறது?"

நான் சிரிக்கிற நிலையில் இல்லை. என் மகள் வர்ஷாவுக்கு இரண்டரை வயது. ஒரு சொல்கூடப் பேசவில்லை. டிவியைக் குறைக்கச் சொன்னார், குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க வரும் ஹெல்த் விசிட்டர் நர்ஸ். கார்ட்டூன் ஓடாவிட்டால் அவள் ஒரு வாய் சோறு வாங்கமாட்டாள். டிவியா காரணம், வீட்டில் இரண்டு மொழி பேசுவதா, இல்லை நானேதானா என்று தினமும் எனக்குள் ஒரு விசாரணை நடந்தது.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், டொராண்டோவில் இருக்கும் தன் அக்காவோடு எங்கள் வீட்டில் நின்று போனில் கத்திப் பேசிவிட்டு அண்ணை கிளம்பினார். கதவைச் சாத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் வர்ஷாவைக் காணோம். பதறி ஓடினேன். அண்ணையின் இருட்டு ஹாலில் ஒரு மெழுகுவர்த்தி. அதன் பக்கத்தில் என் மகள், டிவி இல்லாமல், புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன வித்தை காட்டினீங்க அண்ணா?"

"ஒண்டும் இல்லை. எனக்கு இருட்டெண்டாப் பயம், தங்கச்சி. அதால சும்மா கதைச்சுக்கொண்டே இருப்பன். இண்டைக்குத்தான் கேக்க ஒரு ஆள் கிடைச்சுது."

அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் அங்கே அனுப்பினேன். மெழுகுவர்த்தியை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, வாசலிலேயே நின்றேன். மீனுக்கு முள் எடுப்பதிலிருந்து அக்காவின் முழங்கால் வலி வரை அவர் சொல்லாத கதை இல்லை. ஐந்தாவது வாரம், "பால் வேணுமா?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள் வர்ஷா.

நான் அழுதேன். "ஆமான்னு சொல்லுடா செல்லம்" என்று திருத்தப் போன கணவரை முறைத்தேன்.

நேற்று அண்ணை கம்பளி போர்த்திக்கொண்டு வந்து நின்றார். பல் தந்தியடித்தது.

"ஆமிஷ் வாழ்க்கை போதும், தங்கச்சி. குளிர் தாங்கேலாது. ஹீட்டரைப் போட்டிட்டன். சனிக்கிழமை டிவி வருது."

வாசகர்களே, ஒரு மனிதரை என் குழந்தைக்காகக் குளிரில் உட்காரச் சொல்ல முடியாது. ஹீட்டர் இருக்கட்டும், டிவி மட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? உங்கள் வீட்டு டிவியை நிறுத்துங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்று காலை நிறுத்திப் பார்த்தேன். வர்ஷா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "அண்ணை" என்று கதவைக் காட்டினாள். சனிக்கிழமைக்கு முன் நான் அவரிடம் என்ன சொல்லட்டும்?