நூறு கிலோ ஸ்பிரிங்கும் உங்கள் தங்கையும்

தெலுக் பங்லிமா காராங்,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் பழனியப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் அய்யாவு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான் முக்கால் நலம். மீதிக் கால் நலம் ஒன்பது நாளாக பிரிக்பீல்ட்ஸில் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பி வைக்கும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். உங்கள் தங்கை அமுதவள்ளி என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டாள். உங்கள் நம்பருக்கு அடித்தாலும் அவளே எடுத்து, மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். தபால்காரரை அவளால் பிளாக் செய்ய முடியாது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. போன வருடம் நம் செம்பனைத் தோட்டத்துக்கென்று நான் வாங்கிய வண்டி ஞாபகம் இருக்கும். கதவு கிடையாது, காடு மேடெல்லாம் ஏறும், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், பின்னால் குலை ஏற்றலாம். வெளிநாட்டுக்காரன் செய்தது, ஸ்டீயரிங் இடப்பக்கம். நாற்பது வருடம் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவன் நான். முதல் வாரம் முழுக்க வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தேடிக்கொண்டிருந்தேன். "இந்தப் பக்கம் வாங்க, பெரிய டிரைவர்!" என்று உங்கள் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஜோரில், "நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கவா?" என்றும் கேட்டாள். "இது லோரிக்காரன் கை பட வேண்டிய வண்டி, நீ பேசாம உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் தினமும் காலையில் இருவரும் அதில்தான் தோட்டத்தைச் சுற்றுவோம். அவள் பேசிக்கொண்டே வருவாள், நான் ம் கொட்டிக்கொண்டே ஓட்டுவேன். அப்படி ஒரு சுகம், மச்சான்.

அதற்குத்தான் கண் பட்டுவிட்டது. கம்பெனி போட்டுக்கொடுத்த ஸ்பிரிங் நான்கும் போன மாதம் களைத்துப்போயின. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் அடித்தட்டு டொங்கென்று தரையில் இடிக்கும், நம் பல் ஒன்றோடொன்று இடிக்கும். ஒரு நாள் பார்த்தால் வண்டி ரம்புத்தான் மரத்தடியில் இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இடப்பக்கம் என்றால் பேசஞ்சர் பக்கம், இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டுமா? இருந்தாலும் ஸ்ரீ கெம்பாங்கானில் பட்டறை வைத்திருக்கும் ரேமண்டுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டதுதான் நான் செய்த ஒரே தப்பு.

"ஸ்பிரிங் முடிஞ்சிருச்சு அங்கிள். தடியான செட்டா போட்டுரலாம். எந்தப் பக்கம் ரொம்ப எறங்கியிருக்கு?"

"பேசஞ்சர் பக்கம் லா."

"ஓட்டுற ஆளு எத்தன கிலோ, பேசஞ்சர் எத்தன கிலோ? வெயிட்டுக்குத் தக்கதாத்தான் போடணும்."

"நான் அறுபத்தெட்டு" என்றேன். லோரி லைசென்சுக்காக டாக்டர் நிறுத்துப் பார்த்த கணக்கு அது. எந்த வருடம் என்று ரேமண்ட் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "பேசஞ்சர் எண்பது. எதுக்கும் நூறுன்னு போட்டுக்க தம்பி, சேஃப்டிக்கு."

அடுப்படியிலிருந்து அப்பளம் கருகும் வாசனை வந்தது. பின்னாலேயே அமுதவள்ளி கரண்டியோடு வந்து நின்றாள். "நூறா?" என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

சமாதானம் செய்யத்தான் மச்சான், மறுநாள் குலை போடப் போகிறோம் என்று சொல்லி அவளை லோரி நிறுக்கும் திம்பாங்குக்குக் கூட்டிப்போனேன். வண்டியை மேடையில் ஏற்றி, "ஒரு நிமிஷம் எறங்கு வள்ளி, உன் மானத்தக் காப்பாத்துறேன்" என்றேன். பாவம், ஒன்றும் புரியாமல் இறங்கினாள். திம்பாங் அறையில் குகன் என்றொரு பையன், கையில் மைக். அவனும் உதவி செய்யத்தான் நினைத்திருப்பான். "அங்கிள்! ஆன்டி மட்டும் எழுபது கிலோ!" என்று அலறிவிட்டான். வரிசையில் ஏழு லோரி. ஒருவர் ஹார்ன் அடித்தார், இன்னொருவர் கை தட்டினார். முப்பது கிலோ குறைச்சல், அவளுக்குச் சாதகமான கணக்குதானே! நான் வெற்றிக் களிப்பில் திரும்பினால், அவள் ரோட்டோரம் நின்று போனில் கிராப் டாக்சி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மாற்றுச் சேலைகூட இல்லாமல் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது அதனால்தான்.

அடுத்த நாள் ரேமண்ட் வந்து புது ஸ்பிரிங் போட்டான். அடடா, என்ன ஸ்பிரிங்! சிவப்புக் கலர், கட்டைவிரல் தடிமன். பள்ளமாவது மேடாவது, வண்டி மிதக்கிறது மச்சான்! அறுபத்துமூன்று வயதில் "யாஹூ" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டுப் பக்கத்தில் திரும்பினேன். சீட் காலி. அழுகை வந்துவிட்டது, உங்களிடம் மறைப்பானேன்.

ஆனால் ஒரு கூத்தைக் கேளுங்கள். புது ஸ்பிரிங் போட்ட பிறகும் வண்டி இடப்பக்கம் முன்னைவிட மோசமாகச் சாய்கிறது! அவளோ ஒன்பது நாளாக ஏறவே இல்லை. எழுபது கிலோ ஆளால் எப்படி இவ்வளவு அழுத்த முடியும் என்று உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். அவளுடைய கைப்பை! தண்ணீர் போத்தல், குடை, பிஸ்கட் டின், அரிவாள், யாருக்கோ கொடுக்க வேண்டிய ஊறுகாய். மீதி முப்பது கிலோ அங்கேதான் இருக்கிறது. அதற்கே வண்டி பழகிப்போய் இன்னும் குனிந்து நிற்கிறது. ஆகவே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். தப்பு அவள் மேல் என்றாலும் நான் மன்னித்துவிட்டேன். பையை மட்டும் குறைத்துக்கொண்டு வந்தால் போதும்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முழங்கால் புது ஸ்பிரிங் போட்டதுபோல் ஆகவேண்டுமென்று முருகனைக் கும்பிட்டு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
நியாயத்தைத் தன் பக்கம் வைத்திருக்கும்
அய்யாவு

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்க வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இடப்பக்கம் இன்னும் நாலு விரல் தாழ்ந்தது. இறங்கினேன், எழும்பியது. மறுபடி உட்கார்ந்தேன், தாழ்ந்தது. நேரே பார்த்தேன் மச்சான். எனக்கு எதிரே ஸ்டீயரிங் இருந்தது.

நாற்பது வருடம் லோரியில் இடப்பக்கம் என்றால் பேசஞ்சர்! இந்த வண்டியில் ஒரு வருடமாக அங்கே உட்கார்ந்து அழுத்தியது நான். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று ரேமண்டுக்குத் தெரியும். நான் சொன்னபடியே நூறு கிலோவுக்கு அவள் பக்கம், அறுபத்தெட்டுக்கு என் பக்கம் போட்டிருக்கிறான். உடனே திம்பாங்குக்குப் போய் நானும் ஏறி இறங்கினேன். நூறு. மைக்கில் சொல்லச் சொன்னேன், குகன் சொன்னான். எல்லா லோரியும் ஹார்ன் அடித்தது.

மேலே எழுதியதை நான் கிழிக்கவில்லை. அப்படியே அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கட்டும். தப்பு முழுக்க என்னுடையது. ரேமண்டைக் கேட்டேன், ஸ்பீக்கரில் இல்லை. "ஸ்பிரிங்க மாத்த வேணாம் அங்கிள், ஆள் எடம் மாறி உக்காந்தா கணக்கு சரியாப்போயிரும்" என்கிறான். வண்டிச் சாவியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், அவள் கையில் கொடுங்கள். இனி அவள் ஓட்டட்டும், நான் வலப்பக்கம் உட்கார்ந்து ம் கொட்டிக்கொண்டு வருகிறேன். பையையும் ஊறுகாயோடு கொண்டுவரட்டும். சாவி உறைக்குள் போய்விட்டதால் தபாலாபீசுக்கு நடந்தே போகிறேன்.