வெட்டுப்பட்ட மருமகன்

சின்னத்தங்கத்தின் மரண அறிவித்தலில், வரிசையின் கடைசியில் இருந்த மூத்த மருமகன் கனகசிங்கம் ‘கனக’ என்பதோடு நின்றுபோனார். மிச்சத்தைக் காணவில்லை.

பாதி மருமகன் கொக்கட்டிச்சோலையிலிருந்து முழுக் கோபத்தோடு அச்சுக்கடைக்கு வந்துவிட்டார்.

“பின்னேரம் அடக்கம். அதுக்குள்ள என்ட பேர் முழுசா வரோணும்.”

கடையில் வேலைபார்க்கும் மெல்றோய் அவசரமாகக் கணினியைத் திறந்தான். அறிவித்தல் தயாரிக்கும் புரோகிராம் அவன் எழுதியது. இன்னொரு முறைப்பாடு வந்தால் அதோடு அவனையும் வீட்டுக்கு அனுப்புவதாக முதலாளி ஏர்ல் அங்கிள் சொல்லிவைத்திருந்தார். முறைப்பாடு கூடக்கூட வியாபாரமும் கூடியதுதான் புதினம். அது தன் முகராசி என்பது அங்கிளின் எண்ணம்.

பிழை எங்கே என்று மெல்றோய்க்கு விளங்கியது. உறவினர் பெயர்கள் போகும் டேட்டாபேஸ் கட்டத்தை ‘வார்சார்’ வகையில் அமைத்து, ஐந்நூறு எழுத்து என்று எல்லை வைத்திருந்தான். மீறினால் அது சத்தமில்லாமல் வெட்டிவிடும். சோதித்துப் பார்த்ததோ தன் ஆன்ட்டி டோரீனின் அறிவித்தலை வைத்து. பறங்கிக் குடும்பம், ஆங்கிலத்தில் நாலு பெயரோடு காரியம் முடிந்தது. தமிழில் ‘கி’ என்றாலே இரண்டாக எண்ணும் என்பதோ, பெறாமகன், சகலன், சம்பந்தி என்று ஊரே வரும் என்பதோ அவன் மூளையில் ஏறவில்லை.

எல்லையை ஆயிரமாக்கினான். கனகசிங்கம் முழுசாக வந்தார்.

“இடம் இரிக்கிதானே? மறுகா என்ட தம்பிமாரையும் போடுங்க.”

தம்பிமாரில் இளையவர் வெட்டுப்பட்டார்.

“என்ன மெல்றோய், இன்னும் முடியல்லயா?” என்றார் அங்கிள் உள்ளேயிருந்து.

“முடிஞ்சி அங்கிள்.”

வெறுத்துப்போய் அந்தக் கட்டத்தையே ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றினான். அதில் எல்லை என்று சொல்ல ஒன்றுமில்லை. செய்தி பரவியது. தம்பிமாரின் மாமன்மார் வந்தார்கள். நெல் வாங்கும் ஓட்டமாவடி உசனார்கூடக் குடும்ப நண்பராக உள்ளே வந்தார். எழுத்தைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி, கடைசியில் செத்தவர் யார் என்றே தேடவேண்டியிருந்தது.

ஆனாலும் ஒருவரும் வெட்டுப்படவில்லை. மெல்றோய்க்குப் பெருமையாக இருந்தது. அறிவித்தலை எழுதிக் கொடுத்த, சின்னத்தங்கத்தின் கடைசி மகள் சிவானுஜா வந்ததும் அங்கிளுக்குக் கேட்கும்படியே சொன்னான்.

“தங்கச்சி, இனி இந்தக் கடையில எவர்ர பேரும் வெட்டுப்படாது.”

சிவானுஜா அறிவித்தலைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

“அத்தான்ட பேர் வரப்படாதெண்டுதான் அம்மா சாகக்குள்ளயும் சொன்னவ. மெசின் வெட்டினா ஆரோடயும் சண்டை வராதெண்டு அவர்ர பேரை ஆகக் கடைசியில எழுதித் தந்தன். ஊரில எல்லாரும் உங்கட கடைக்கு வாறதே அதுக்குத்தானே, அண்ணன்.”