பக்கெட்டைத் தூக்கியவன்

நான் இத்தாலிக்குப் போகாததற்கு ஒரு பக்கெட்தான் காரணம். என் மேலும் தப்பு உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொண்டதில்லை, இனியும் மாட்டேன்.

சிறுசேரியில் எங்கள் கம்பெனி, இத்தாலியின் ஒரு மலைப்பகுதி ஒயின்காரர்களுக்கு மென்பொருள் செய்து தருகிறது. அவர்கள் சார்பில் பாவுலா என்ற அம்மையார் வந்திருந்தார். மகாபலிபுரம் கடற்கரை விடுதி ஒன்றில், அந்த இத்தாலிய மலையின் புதுச் சிவப்பு ஒயின்களை ருசி பார்க்கும் விழா. ஒரு வருடம் இத்தாலியில் தங்கி வேலை பார்க்கப் போகும் ஆளை அவர் அங்கேயே தேர்ந்தெடுப்பார் என்று பேச்சு. நான்தான் போகப்போகிறேன் என்று எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேரிடம் சொல்லி, ஸ்வெட்டரும் வாங்கியாகிவிட்டது. (அதைச் செங்கல்பட்டு வெயிலில் போட்டுப் பார்த்து வேர்க்குரு வந்தது தனிக்கதை.)

என் மேலாளர் கோபி புது வெள்ளைச் சட்டையில் வந்து பாடம் எடுத்தான்.

"மச்சான், கிளாஸ சுத்து, மோந்து பாரு. ஒரு வாய் ஊத்திகினு நல்லா கொப்புளி. அப்பால அந்த பக்கெட்ல துப்பிடு. முழுங்கிடாத, பிரியுதா?"

"துப்பறதா? ஒயினையா?"

"அதான்டா மொறை."

அங்கேதான் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரே ஒயின், சர்ச்சில் திருவிருந்தின்போது முழங்காலிட்டு வாங்குவது. அதில் ஒரு சொட்டு சிந்தக்கூடாது. மிஞ்சியதைப் போதகரே குடித்து, பாத்திரத்தை அலசிய தண்ணீரையும் குடித்துவிடுவார். முதல்முறை வாங்கியபோது புளிப்பு தாங்காமல் முகம் சுளித்ததற்கே அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்படி வளர்ந்தவனிடம் பக்கெட்டைக் காட்டினால்?

முதல் கிளாஸ். சுழற்றினேன், மோந்தேன், கொப்பளித்தேன், பக்கெட் முன் குனிந்தேன். வாய் திறக்கவில்லை. விழுங்கிவிட்டு "ஆமென்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

இது மலைக்கு வடக்கே விளைந்தது, இது மழைக்குப் பின் பறித்தது என்று பாவுலா விளக்க விளக்க, அத்தனையையும் பயபக்தியோடு உள்ளே அனுப்பினேன். நாவல்பழம் தின்றதுபோல நாக்கு வறண்டு பிடித்தது. கொஞ்ச நேரத்தில் தரை லேசாக அலையடித்தது. கடலோரம்தானே என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக, இருப்பதிலேயே உசத்தி என்று ஒன்றை ஊற்றினார்கள். பாவுலா கண்மூடி ரசித்தார். பிறகு பக்கெட்டின் மேல் குனிந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், வேணாம்! பாவம்!"

பக்கெட்டைப் பிடுங்கினேன். பாவுலா அதற்குள் துப்பிவிட்டார். பக்கெட் இருந்த இடத்துக்குப் பின்னால் கோபியின் வெள்ளைச் சட்டை இருந்தது.

"டேய், இன்னாடா பண்ணிகினு கீற!"

நான் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பிரசங்கமே செய்தேன். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் அறுப்பு அறுத்தவர், சிந்திய நெல்லையும் பொறுக்கியவர், வெயிலில் நின்று பழம் பறித்தவனை நினைத்துப் பாருங்கள் என்றேன். பாவுலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கெட்டைக் கொஞ்சம் தர முடியுமா என்றார். நான் தரவில்லை.

டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்த, வாந்தி வர்ற மாரி கீதா? ஓரங்கட்டட்டா?"

"வராது. உள்ள போனத வெளிய வுடுற ஆளு நான் இல்ல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். திருக்கழுக்குன்றம் வரை ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றினேன்.

இத்தாலிக்கு எங்கள் குழுவின் திவ்யா போனாள். நன்றாகத் துப்புவாளாம். ஸ்வெட்டரை நாய்க்குட்டிக்கு விரித்துவிட்டோம். மகளுக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுத்தால், வாயில் வைத்துக்கொண்டே பக்கெட்டைத் தேடுகிறாள். என் மனைவி ஸ்டெல்லா, "தேடாதடி, உங்கப்பா தூக்கினு ஓடிட்டாரு" என்கிறாள். சிரிக்கட்டும். நான் செய்தது சரிதான்.

திரும்பி வரும்போது திவ்யா அதே ஒயினில் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். கிறிஸ்துமஸ் மதியம் திறந்து எல்லோருக்கும் ஒரு வாய் ஊற்றினேன். அம்மாவுக்கு முகம் அஷ்டகோணலானது. கன்னம் உப்பியபடி எழுந்து வாஷ்பேசினைப் பார்த்தாள்.

"பாட்டி, பக்கெட்!" என்று கத்தினாள் மகள்.

நான் எட்டி அம்மாவின் கையில் நறுக்கென்று கிள்ளினேன். என்னை முறைத்துக்கொண்டே விழுங்கினாள்.