அப்பாவின் இரண்டாவது வாக்குச்சீட்டு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை எட்டரை மணிக்கு, வாக்காளரின் இரகசியத்தைக் காப்பேன் என்ற உறுதிமொழியில் கையொப்பமிட்டேன்.
2. பதினொன்று பத்துக்கு, அப்பா தன் வாழ்க்கையின் முதல் வாக்கைப் போட வந்தார்.
3. பதினொன்றரைக்கு, அந்த வாக்கு யாருக்கு என்பது ஒரு பாடசாலை உடற்பயிற்சி மண்டபம் முழுவதற்கும் தெரிந்திருந்தது.
4. அதை அறிவித்த குரல் என்னுடையது.

இதற்கு விளக்கம் ஒன்று இருக்கிறது. அது என்னை நியாயப்படுத்தாது. ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒன்பது வயதிலிருந்து படிவங்களைச் சரிபார்க்கிறவள் நான்தான். பாடசாலைக் கடிதம், வரிப் படிவம், காப்புறுதி, அப்பா வேலை செய்யும், பாண் சுடும் தொழிற்சாலையின் விடுமுறை விண்ணப்பம், எல்லாவற்றையும் அப்பா பென்சிலால் நிரப்பிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவார். "பிள்ளை, ஒருக்கா பார்" என்பார். நான் பார்த்துப் பிழை சொல்வேன். அவர் அழித்து எழுதுவார். பிறகு நான் மென்பொருள் சோதனை படித்தேன். (அதாவது, பிழை பிடிப்பதற்கு ஒரு பட்டம் எடுத்தேன். வீட்டில் அதுவரை பட்டமில்லாமல் செய்துகொண்டிருந்தேன்.)

அப்பா கனடாவுக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் குடியுரிமை எடுக்காமல் இருந்தார். காரணம், அதற்கு எழுத வேண்டிய சோதனை. ஐம்பத்தைந்து வயது தாண்டினால் சோதனை எழுதத் தேவையில்லை என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, ஒரு மனிதர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல ஐம்பத்தைந்துக்குக் காத்திருந்தார். அது வந்தது. குடியுரிமையும் வந்தது. அடுத்த சில மாதங்களில் நாடாளுமன்றத் தேர்தலும் வந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று. படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை காத்திருந்த நேரம். வாக்களிப்பு நிலையத்தில் ஒருநாள் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். எடுத்துவிட்டார்கள். அவர்கள் தந்த கைநூலை மூன்று தரம் வாசித்தேன். அதில் இரண்டு எழுத்துப்பிழைகளைக் கண்டுபிடித்து மின்னஞ்சலும் அனுப்பினேன். (பதில் வரவில்லை. இப்போது யோசித்தால், அந்த மின்னஞ்சலை வாசித்தவர் என் பெயரை எங்கேயோ குறித்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.)

அப்பாவுக்கும் ஒரு பட்டியல் தயாரித்தேன். தமிழில், பெரிய எழுத்தில், ஆறு படிகள். எந்த வாசலால் வருவது, என்ன அடையாள அட்டை கொண்டுவருவது, மறைப்புக்குப் பின்னால் போய் விரும்பியவருக்கு நேரே X என்று புள்ளடி போடுவது. ஆறாவது படி இது: "முடிந்ததும் சீட்டை என்னிடம் கொண்டுவந்து தரவும்." முறை அதுதான். சீட்டைக் கொடுத்த அலுவலரிடம் வாக்காளர் அதைத் திரும்பக் காட்ட வேண்டும். அலுவலர் வெளிப்பக்கத்தில் தன் முதலெழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். வாக்காளர் பெட்டியில் போடுவார்.

ஐந்தாவது படிக்கும் ஆறாவது படிக்கும் இடையில் "மடிக்கவும்" என்று ஒரு படி இருந்திருக்க வேண்டும். இல்லை. பிழை பிடிக்கப் பட்டம் எடுத்தவளின் பட்டியலில் அது இல்லை.

வாக்களிப்பு நிலையம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், ரூஜ் என்ற பகுதியில் ஒரு பாடசாலை. மண்டபத்தில் மூன்று மேசைகள். எங்களுக்கு மேற்பார்வையாளர் ஜூன் என்ற அம்மையார், ஓய்வுபெற்ற பாடசாலை நூலகர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். சுவரோரமாக வேட்பாளர்களின் பிரதிநிதிகள் இருவர் இருந்தார்கள். ஒருவர் கழுத்துப்பட்டி கட்டிய தமிழ் அங்கிள். மற்றவர் கம்பளிநூலால் ஏதோ பின்னிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி.

அப்பா குடியுரிமை விழாவுக்குப் போட்ட அதே கோட்டோடு வந்தார். கையில் என்னுடைய பட்டியல். மற்ற இரண்டு மேசைகளும் வெறுமையாக இருந்தன. என்னுடையதில் மட்டும் பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் தமிழர்கள். தமிழ்ப் பிள்ளை இருக்கும் மேசை என்பதால் எல்லோரும் இங்கேயே நின்றார்கள். ஜூன் அப்பாவை அடுத்த மேசைக்கு வரச்சொல்லிக் கைகாட்டினார். அப்பா என்னைச் சுட்டிக்காட்டி, "மை டோற்றர்" என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றார்.

அவர் முறை வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வணக்கம். உங்கட பேரையும் விலாசத்தையும் சொல்லுங்கோ."

"உனக்குத் தெரியாதே?"

"தெரியும் அப்பா. ஆனா நீங்கள்தான் சொல்ல வேணும்."

அப்பா பின்னால் நின்ற மஞ்சள் ஜக்கெற் போட்ட அன்ரியைத் திரும்பிப் பார்த்தார். "காலமை தேத்தண்ணி போட்டுக் குடுத்து அனுப்பினனான். இப்ப ஆர் நீங்கள் எண்டு கேக்கிறாள்."

"வேலை எண்டு வந்திட்டால் உப்பிடித்தான் அண்ணை. சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்றார் அன்ரி.

அப்பா சொன்னார். அட்டையைக் காட்டினார். நான் சீட்டைக் கொடுத்தேன். அவர் மறைப்புக்குப் பின்னால் போய் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார். சீட்டு விரிந்தபடி இரண்டு கைகளிலும் இருந்தது. அதை என் முன்னால் மேசையில் வைத்துக் கையால் நீவிவிட்டார்.

"பிள்ளை, ஒருக்கா பார். சரியோ?"

இந்த இடத்தில் அலுவலர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, சீட்டை மடிக்கும்படி பணிவாகக் கேட்க வேண்டும் என்று கைநூல் சொல்கிறது. நான் மூன்று தரம் வாசித்த கைநூல். நான் என்ன செய்தேன் என்றால், பேனையை எடுத்தேன். பதினான்கு வருடப் பழக்கம் என் வாயைத் திறந்தது.

"மூண்டாவது ஆளுக்குப் போட்டிருக்கிறீங்கள், அது சரி. புள்ளடி வட்டத்துக்குள்ளை நிக்குது, அதுவும் சரி. ஐயோ அப்பா, ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்? திகதியும் போட்டிருக்கிறீங்கள்!"

எனக்கு இயல்பாகவே குரல் பெரிது. உடற்பயிற்சி மண்டபங்களில் எதிரொலியும் உண்டு.

பின்னல் ஊசிகள்கூட நின்றுவிட்டன. அப்போது மஞ்சள் ஜக்கெற் அன்ரி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"எனக்கும் கேக்கேல்லை" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

"மூண்டாவதெண்டோ சொன்னவ?" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

"ஓம். ஆனா நாங்கள் கேக்கேல்லை" என்றார் அன்ரி.

சுவரோரத்து அங்கிள் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். அவர் முகம் மலர்ந்திருந்ததிலிருந்து அவர் யாருடைய பிரதிநிதி என்பது எனக்குப் புரிந்தது. பின்னல்காரப் பெண்மணி எழுந்து நின்று ஜூனைக் கூப்பிட்டார்.

அப்பாவுக்கு மட்டும் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. "என்ன, பிழையோ?" என்று கேட்டார்.

"இதைப் பெட்டியிலை போட்டால் செல்லாது அப்பா. ஆர் போட்டதெண்டு தெரியிற மாதிரி ஒண்டும் எழுதக் கூடாது."

"ஆர் போட்டதெண்டு தெரிய வேணும் எண்டுதானே எழுதினனான்."

"ஏன் தெரிய வேணும்?"

அப்பா குரலை உயர்த்தவில்லை. "ஊரிலை எனக்கு இருபத்தொரு வயசிலை முதன்முதல் வோட்டு வந்தது. ரண்டு மணித்தியாலம் வரிசையிலை நிண்டு உள்ளை போறன், உங்கட வோட்டு போட்டாச்சு எண்டாங்கள். ஆர் போட்டது எண்டு கேட்டன். நீங்கள்தான் எண்டாங்கள்." சீட்டில் இருந்த தன் கையெழுத்தை விரலால் தொட்டார். "இந்த முறை ஆரும் அப்பிடிச் சொல்லேலாது."

என் வீட்டுக்குள் இந்தக் கதை இருந்ததே எனக்குத் தெரியாது. அவர் போட்ட முதல் வாக்கையும் இப்போது இன்னொருவர் கெடுத்துவிட்டார். இந்த முறை அது யார் என்று கேட்கத் தேவையில்லை. மேசைக்குப் பின்னால், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

சீட்டை மாற்றிக் கொடுக்கலாமா, கூடாதா? கைநூலில் எங்கேயோ இருந்தது. எந்தப் பக்கம் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எழுத்துப்பிழைகள் இருந்த இரண்டு பக்கங்கள் மட்டும் நன்றாக ஞாபகம் வந்தன.

ஜூன் வந்தார். சீட்டைப் பார்க்காமலே தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடினார். பிறகு என்னிடம், "நீ இதைப் பார்த்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பார்த்தேன்" என்றேன். "சத்தமாக வாசித்தும் விட்டேன்."

அவர் ஒரு கணம் கண்களை மூடினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைநூலைப் புரட்டினார். அவருடைய விரல் வரிவரியாக இறங்குவதை அப்பா பார்த்தார், நான் பார்த்தேன், வரிசையும் எட்டிப் பார்த்தது. விரல் ஒரு இடத்தில் நின்றது.

"பழுதான சீட்டு" என்றார் ஜூன். "இதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுக்கலாம். ஒரே ஒரு முறை."

நான் அதுவரை மூச்சு விட்டேனா என்று எனக்குத் தெரியாது. அந்த வசனத்துக்குப் பிறகு நிச்சயமாக விட்டேன், ஏனென்றால் மேசையில் இருந்த காகிதங்கள் பறந்தன.

ஜூன் பழைய சீட்டை மடித்து உறையில் போட்டார். அப்பாவை அடுத்த மேசைக்குக் கூட்டிச்சென்று புதிய சீட்டைத் தன் கையாலேயே கொடுத்தார். போகும்போது என்னைப் பார்த்து, "நீ சுவரைப் பார்" என்றார். பார்த்தேன். சுவரில் மணிக்கூடும் ஒரு கூடைப்பந்துப் போட்டி அட்டவணையும் இருந்தன.

என் முதுகுக்குப் பின்னால் ஜூன் மெதுவாக விளக்கினார். புள்ளடி மட்டும். பெயர் வேண்டாம். கையெழுத்து வேண்டாம். மடிக்க வேண்டும். இதையும் பழுதாக்கினால் மூன்றாவது சீட்டு இல்லை. மஞ்சள் ஜக்கெற் அன்ரி கேட்காமலே முன்வந்து மொழிபெயர்த்தார். கடைசியில் தன்னுடையதாக ஒன்றையும் சேர்த்தார்: "அண்ணை, இனி உந்தச் சீட்டை மகளுக்குக் காட்டாதேங்கோ."

முதல் முறை ஒரு நிமிடம் எடுத்தவர் இரண்டாம் முறை நாலு நிமிடம் எடுத்தார். மணிக்கூடு நேரே இருந்ததால் எனக்கு அது சரியாகத் தெரியும். இரண்டாவது நிமிடத்தில் அவர் மறுபடியும் கையெழுத்து வைக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் பேனை வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். நாலாவதில் எதையும் நினைக்க முடியவில்லை.

காலடிச் சத்தம் கேட்டது. கடதாசி பெட்டியில் உரசுவதும் கேட்டது. "விழுந்திட்டுது" என்றது அப்பாவின் குரல்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா குனிந்து பெட்டியின் வாய்க்குள் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை எட்டாக மடித்திருந்தாராம். வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ஜூன் உதட்டில் விரல் வைத்ததும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஜூன் என்னை மேசையிலிருந்து எழுப்பி வாசலுக்கு அனுப்பினார். மிகுதி நாள் முழுவதும் என் வேலை, "இந்தப் பக்கம் வாங்கோ" என்பது மட்டும்தான். சிறிது நேரத்தில் ஒரு அறிக்கையோடு வந்தார். "நீ அதைப் பார்த்தது பிழை" என்றார். "நீ பார்க்காமல் விட்டிருந்தால் அது எண்ணப்பட்டிருக்காது. இரண்டையும் எழுதியிருக்கிறேன்." கீழே ஒரு கோட்டைக் காட்டினார். அந்தப் படிவத்தில் கையெழுத்தும் திகதியும் கட்டாயமாம்.

மஞ்சள் ஜக்கெற் அன்ரி தன் வாக்கைப் போட்டுவிட்டு வாசலைக் கடக்கும்போது நின்றார். "என்ன பிள்ளை, நான் ஆருக்குப் போட்டனான் எண்டு வாசிக்க மாட்டியோ?"

"போங்கோ அன்ரி" என்றேன். அவர் வாகனத் தரிப்பிடம்வரை சிரித்துக்கொண்டே போனார்.

அப்பாவும் உடனே வீட்டுக்குப் போகவில்லை. வெளியே காரடியில் நின்றார். கழுத்துப்பட்டி அங்கிள் தேநீர் இடைவேளையில் அவரைத் தேடிப் போனதை வாசலிலிருந்து பார்த்தேன்.

"அண்ணை, ரண்டாவது சீட்டும் எங்கட ஆளுக்குத்தானே?"

அப்பா கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். "அது சீக்ரெட் தம்பி."

வீட்டில் அம்மாவுக்கும் அதே பதில்தான். அம்மா கனடாவில் ஏற்கெனவே பல தேர்தல்களில் வாக்குப் போட்டவர், ஒவ்வொரு முறையும் யாருக்கென்று தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்கிறவர். "நாலு நிமிசம் உள்ளை என்ன செய்தனீங்கள்? மனம் மாறினனீங்களோ?" என்று கேட்டார். அப்பா, "முதல் சீட்டைப் பற்றி எண்டால் மகளைக் கேள், அவளுக்குத்தான் மனப்பாடம்" என்றார். இரண்டாவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஓய்ந்தபாடில்லை. இரவுக்குப் புட்டா இடியப்பமா என்று அம்மா கேட்டால், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கடதாசியில் ஏதோ எழுதி, எட்டாக மடித்துக் கொடுக்கிறார். என் தம்பியின் நிச்சயதார்த்தத்துக்குப் பெண்வீட்டார் வந்தபோது, தேநீர் ஆறுவதற்குள் அப்பா கதையைச் சொல்லி முடித்துவிட்டார். "மூண்டாவது ஆளுக்குப் போட்டிருக்கிறீங்கள், அது சரி" என்ற இடத்தில் என் குரலிலேயே சொல்வார். நன்றாகத்தான் சொல்கிறார்.

தற்போதைய நிலை: அப்பாவின் வாக்கு எண்ணப்பட்டது. மூன்றாவது ஆள் தோற்றுவிட்டார். அதில் அப்பாவின் பங்கு என்ன என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.