குழுவின் முன்னிலையில் ஓர் இருமல்

அரசுத் தொழிற்சாலையில் எதுவும் முறைப்படிதான் நடக்க வேண்டும்; மூச்சுத் திணறல் உட்பட. புனேயை ஒட்டிய கட்கியில் ஒரு தொழிற்சாலையின் குடியிருப்புப் பிரிவில் எழுத்தராக இருந்த வாசுதேவன், இதைப் பதினோரு வருடமாகப் பிறருக்கு விளக்கி வந்தார். 1997 ஜூலையில் தன் மூன்று வயது மகளுக்கும் விளக்க வேண்டிய நிலை வந்தது.

மழை தொடங்கினால் ஸ்நேஹாவுக்கு இருமல் தொடங்கும். இருமல் முற்றி இழுப்பாகும். நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும்; விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வரும். அவர்களுடையது தரைத்தள வீடு. சுவரில் ஆளுயரத்துக்குக் கரும்பூஞ்சை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு தைலம் கொடுத்துப் போனார்கள். அந்த வருடம் புனேயில் தொடாமல் குணப்படுத்துவது நாகரிகமாக இருந்ததால், ஓர் அம்மாள் வந்து குழந்தைக்கு மேல் அரை மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கை வலித்தது. குழந்தைக்கு இழுப்பு நிற்கவில்லை.

தொழிற்சாலை மருந்தக டாக்டர் பாத்திமா மட்டும் முகமூடி வைத்த குழாய் வழியாக மருந்தை உள்ளிழுக்க வைத்து இழுப்பைத் தணித்தார்.

"குழந்தைக்கு நான் மருந்து தரலாம் வாசுதேவன். சுவருக்கு என்ன தர்றது? வீட்டை மாத்துங்க. இல்லன்னா ஒவ்வொரு மழைக்கும் இப்படித் தூக்கிட்டு ஓடி வருவீங்க. ஒரு நாள் ஓடி வர நேரம் இருக்காது."

முதல் மாடியில் வெயிலும் காற்றும் வரும் வீடு ஒன்று காலியாக இருந்தது. வாசுதேவன் விண்ணப்பித்தார். சுவாசக் கோளாறு அடிப்படையில் வீடு மாற்றம் கோருவோர் ஆய்வுக் குழு, வியாழக்கிழமை பத்து மணிக்குக் குழந்தையை நேரில் ஆஜராகும்படி பணித்தது.

குழு அறை இரண்டாம் மாடியில், நல்ல வெயிலில் இருந்தது. அங்கே போனதும் ஸ்நேஹாவுக்கு மூச்சு சீராகிவிட்டது. தலைவர் குல்கர்ணி கனிவாகக் குனிந்து, ஒரு தடவை இருமிக் காட்டும்படி இந்தியில் கேட்டார்.

"நஹி" என்றாள் ஸ்நேஹா. பிஸ்கட் கேட்டாள்.

'அறிகுறி ஏதும் வெளிப்படவில்லை' என்று குறிக்கப்பட்டது.

வீட்டில் மனைவி ஆனந்தவல்லி பிடித்துக்கொண்டாள். "ராத்திரி பூரா மூச்சு வாங்குதே, அது கணக்கில்லையா?"

"அறிகுறி குழுவின் முன்னிலையில் வெளிப்படணும்னு விதி இருக்கு."

"எந்தப் புண்ணியவான் எழுதினது?"

வாசுதேவன் விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன்."

"அப்போ போலி இருமல் ஜாஸ்தியா இருந்தது" என்றார் மெதுவாக. "எல்லாரும் பாராட்டினாங்க."

அடுத்த வியாழனுக்குள் ஆனந்தவல்லி குழந்தையைப் பழக்கிவிட்டாள். குல்கர்ணி கேட்டதும் ஸ்நேஹா கணீரென்று மூன்று முறை இருமிவிட்டுக் கையை நீட்டினாள், பிஸ்கட்டுக்காக.

"சொன்னதும் இருமுகிறாள். ஆக, இருமல் அவள் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்றார் குல்கர்ணி. "இந்த அறையில் குழந்தை ஆரோக்கியமாகவும் இருக்கிறாள்."

"அப்ப இந்த அறையையே கொடுத்துடுங்க சார்" என்றார், சாட்சி சொல்லக் கூட வந்திருந்த டாக்டர் பாத்திமா.

குல்கர்ணி அதைச் சற்று யோசித்தார். "இது குடியிருப்புப் பட்டியலில் இல்லையே."

கடைசியில் குழுவே வீட்டுக்கு வருவதென்று தீர்மானமானது. வந்த அன்று அடைமழை. நான்கு பேரும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து பூஞ்சையைப் பார்வையிட்டார்கள். ஐந்தாவது நிமிடம் குல்கர்ணிக்குத் தொண்டை கமறியது. பிறகு மற்றவர்களுக்கு. எட்டாவது நிமிடம் குழு முழுவதும் கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தது. மூலையில் தாயின் மடியில் ஸ்நேஹாவும் இழுத்து இழுத்து இருமினாள்.

குல்கர்ணி கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார்: "எழுதிக்கொள்ளுங்கள். குழுவின் இருமல் காரணமாக, குழந்தையின் இருமலைக் குழுவால் கேட்க இயலவில்லை."

குழுவுக்கும் எழுத்தர் வாசுதேவன்தான்; எழுதிக்கொண்டார். கை அதுவாக எழுதியது. மகளின் விலாவைப் பார்த்தபடியே எழுதினார்.

குழுவோடு வந்திருந்த பாத்திமாவுக்குப் பொறுமை போயிற்று. குழந்தைக்குக் குழாயைப் பொருத்திக்கொண்டே, "அறிகுறி குழுவின் முன்னிலையில் வெளிப்படணும், அவ்வளவுதானே விதி? வெளிப்பட்டாச்சு. நாலு அதிகாரிகளுக்கு வெளிப்பட்டிருக்கு. இதைவிட நம்பகமான நோயாளிங்க உங்களுக்கு எங்க கிடைப்பாங்க?" என்றார்.

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஒரு குழந்தையின் இருமலைச் சந்தேகிக்கலாம். தலைவரின் இருமலைச் சந்தேகிக்க விதியில் இடமில்லை. ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. முதல் மாடியில் ஸ்நேஹா விடியும்வரை அசையாமல் தூங்கினாள். ஆனந்தவல்லி எழுந்து எழுந்து போய், மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள்.

பத்தாம் நாள், காலியான கீழ்வீட்டின் கோப்பு வாசுதேவனின் மேசைக்கே வந்தது. வரிசையில் அடுத்தவர் பட்டறைத் தொழிலாளி அந்தோணி. வீடு குடியிருக்கத் தகுதியா என்று எழுத வேண்டும். தகுதியில்லை என்று எழுதினால், இத்தனை வருடம் அதை எப்படி ஒதுக்கினீர்கள் என்று மேலிடம் கேட்கும்; பிரிவு பதில் சொல்ல வேண்டும். வாசுதேவன் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். காலை பதினொன்றரைக்கு எழுதினார்: 'ஈரம் குறித்த புகார் முந்தைய குடியிருப்பாளருடையது. அவர் காலி செய்துவிட்டபடியால், தற்போது புகார் எதுவும் நிலுவையில் இல்லை. வீடு தகுதியானது.'

அன்று மாலையே கீழே டெம்போ வந்து நின்றது. அந்தோணியின் மனைவி தோளில் கைக்குழந்தையோடு இறங்கினாள். அந்தோணி மாடியை நோக்கி இரண்டு கையும் கூப்பினான். "சார், உங்களாலதான் இவ்வளவு சீக்கிரம் கிடைச்சுது!"

ஜன்னலில் நின்றிருந்த ஆனந்தவல்லி திரும்பினாள். "ஏங்க, பச்சைக்குழந்தையோட வந்திருக்காங்க. அந்தச் சுவரு காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சு."

"எப்போ?"

"காலைல பதினொன்றரைக்கு."

ஆனந்தவல்லி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். மாடியில் காற்று நன்றாக வந்தது.