அத்தானை முன்னால் விட்ட தப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வெளியூர் வேலையில் நீயும் நலம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், அதனால்தான் கடிதம்.

"வேலை போனதுலேர்ந்து மனுஷன் அறைய விட்டே வர்றதில்லடா, உங்க சைக்கிள் கூட்டத்தோட கூட்டிட்டுப் போயேன்" என்றாய். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏழு வருடம் கும்பலாக மலை ஏறியவன் நான். அங்கே ஒரே சட்டம்தான், மெதுவாக நடப்பவரை முன்னால் விடு, அவர் வேகம்தான் எல்லோர் வேகமும், யாரும் பின்தங்கித் தொலைய மாட்டார்கள். சைக்கிளுக்கு நாங்கள் எல்லோரும் புதுசு, அதையே அதற்கும் மாட்டி, "அத்தான், நீங்க முன்னாடி போங்க" என்றேன். நாங்கள் நாலு பேர் பின்னால். இருபது கிலோமீட்டர், எதிர்க்காற்று. எங்களுக்கு மூச்சே வாங்கவில்லை, கதை பேசிக்கொண்டே போனோம், என் திட்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். டீ குடிக்க நின்ற இடத்தில் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்தான் போட்டு உடைத்தார்: "ஏம்பா, காத்து பூரா அவர் நெஞ்சுல. நாலு தடியனுங்களும் அவர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வர்றீங்களே, வெக்கமா இல்ல?" அக்கா, மின்விசிறி இறக்கை வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கு உறைக்கவில்லை!

அத்தான் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். மன்னிப்புக் கேட்டேன். "அட போ மாப்ள, அஞ்சாவது கிலோமீட்டர்லயே எனக்குத் தெரியும்" என்றார். "அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?" என்று கத்தினேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறு மாசமா எல்லாரும் 'நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்'னுதான் சொல்றாங்க. இன்னைக்குத்தான் ஒருத்தன் முன்னாடி போங்கன்னான்."

எனக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் ஒத்துவராது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது. கடைக்குள் ஏது காற்று என்று கேட்காதே.

ஆகவே முடிவு. மனுஷன் ஆறு நாளாக மாடிப்படி இறங்கவில்லை, முழங்கால் இரண்டும் பூசணிக்காய். இனி வீட்டிலேயே இருக்கும்படி நீயே போனில் சொல்லிவிடு. அவருக்கு ஒன்று ஆனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

திட்டையும் ஆசியையும் ஒன்றாக எதிர்பார்க்கும்,
உன் தம்பி

பி.கு.: போன் பண்ணித் தொலைக்காதே. இதை உறையில் போடும்போது கீழே சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால் அத்தான். "இன்னைக்கு சனிக்கிழமை அத்தான், நாளைக்குத்தான் நாம போறோம்!" என்றேன். "உன்ன யாரு கூப்பிட்டா? பம்ப்ப மட்டும் மேலேர்ந்து போடு" என்றார். போட்டேன். ஒரே கையில் பிடித்தார், அக்கா.