நாற்பது நாள் கத்தக் கூடாது

“இடப்பக்கம்… திரும்பு!”

ஹவில்தார் திரிலோக் சிங் போரா போட்ட சத்தத்தில் இருபத்தொன்பது பேர் இடப்பக்கம் திரும்பினார்கள். சிப்பாய் குந்தன் சிங் தபோலா மட்டும் வலப்பக்கம் திரும்பினான். பக்கத்தில் நின்ற லான்ஸ் நாயக் பூரனின் மூக்குக்கும் அவன் மூக்குக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இடைவெளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்கள்.

திரிலோக்கின் வாய் திறந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த மாதிரி நேரத்தில் அந்த வாயிலிருந்து என்ன வருமோ, அதற்காக மொத்தக் கூட்டமும் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. வாய் மூடிக்கொண்டது.

“திரிசூல்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “நந்தா தேவி. நந்தா கோட்.”

மைதானத்துக்கு எதிரே பனி மூடி நின்ற சிகரங்களின் பெயர்கள் அவை. வயிற்றிலிருந்து ஒரு வசவு கிளம்பும்போதெல்லாம் ஒரு சிகரத்தின் பெயரைச் சொல்லி அதை அமுக்கிக்கொள்வது என்று அவரே கண்டுபிடித்த வைத்தியம்.

“தம்பி குந்தன்” என்றார், வேப்பெண்ணெய் குடித்தவர் போல. “இடது கை எதுன்னு, கவாத்து சொல்லித்தர்ற இந்த உஸ்தாதுக்குக் காட்டுப்பா.”

குந்தன் சரியாக இடது கையைக் காட்டினான்.

“பஞ்சசூலி!” என்று கத்தினார் திரிலோக்.

எல்லாம் மேஜர் உப்ரேதி செய்த வேலை. பத்து நாள் முன்னால் கூப்பிட்டனுப்பி, எதிரே உட்காரவைத்து, டீ வேறு கொடுத்தார். அதிகாரி டீ கொடுத்தால் ஆபத்து என்று திரிலோக்குக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

“இந்தப் பையன் டெல்டா கம்பெனியிலேர்ந்து நம்ம கம்பெனிக்கு வந்திருக்கான். கொஞ்சம் தடுமாறுறான். நாற்பது நாள் உங்க கையில. ஆளைத் தேத்துங்க.”

“அங்க தேறாததை இங்க தள்ளி விட்டுட்டாங்களா? நாற்பது நாள் எதுக்கு சாப்? பத்து நாள்ல தோலை உரிச்சு…”

“அதுதான் கூடாது. ஒரு தடவைகூடக் கத்தக் கூடாது. மூட்டையைத் தூக்கிட்டு ஓடச் சொல்லக் கூடாது. கூட உட்காருங்க. என்ன கஷ்டம்னு கேளுங்க. பொறுமையாச் சொல்லிக்குடுங்க.”

“இது பட்டாளமா சாப், பாலர் பள்ளியா?”

மேஜர் சிரித்தார். “நாயிப் சுபேதார் பதவிக்கு நான்தான் உங்க பேரை எழுதி அனுப்பணும். போன வருஷம் ஏன் அனுப்பலைன்னு தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன? போன வருஷம் இவர் போட்ட கூச்சலில் ரேஷன் சுமந்து வந்த கோவேறு கழுதை மிரண்டு, நாற்பது கிலோ பருப்போடு பள்ளத்தில் இறங்கி ஓடிவிட்டது. அதே மாதம் மூன்று சிப்பாய்கள் மாற்றல் கேட்டு மனுக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்திருந்தால் கழுதையும் கொடுத்திருக்கும்.

இந்த வருஷமும் தோளில் நட்சத்திரம் ஏறாவிட்டால் அடுத்த வருஷம் ஹவில்தாராகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஊரில் மனைவியின் தம்பி ஒருத்தன் உண்டு. திரிலோக் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பயல், இப்போது நாயிப் சுபேதார். கல்யாண வீடுகளில் அவனுக்கு முன்வரிசை நாற்காலி, இவருக்கு அடுப்படிப் பக்கம் பெஞ்சு. “வாங்க ஹவில்தார் அத்தான்” என்று நாலு பேர் காதில் விழக் கூப்பிடுவான். அந்த ‘ஹவில்தார்’ ஒவ்வொன்றும் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கும்.

அதனால்தான் இந்தப் பொறுமை. இல்லாவிட்டால் யார் பொறுப்பது?

அன்று சாயங்காலம் குந்தனைச் சமையற்கூடத்துக்குக் கூட்டிப்போய், பட் என்கிற மலைநாட்டுப் பருப்பும் சோறும் வாங்கிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லுப்பா. என்ன கஷ்டம்? வீட்டுல ஏதாவதா?”

“வீட்டுல எல்லாரும் சௌக்கியம் உஸ்தாத்.”

“அப்புறம் ஏன்டா… ஏன்பா இப்படி?”

“நீங்க கத்துவீங்கன்னு பயம் உஸ்தாத்.”

“நான்தான் கத்தலையே!”

“அது இன்னும் பயமா இருக்கு உஸ்தாத்.”

திரிலோக் மூன்று சிகரம் தாண்டினார். பிறகு கோயில் பூசாரியிடம் போய்ச் சிவப்புக் கயிறு வாங்கி வந்து, தன் கையாலேயே குந்தனின் இடது மணிக்கட்டில் கட்டினார். “கயிறு கட்டின கை இடது. அவ்வளவுதான். சின்னக் குழந்தைக்கும் புரியும்.”

மறுநாள் குந்தன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நடந்தான். இடது காலோடு இடது கையும் சேர்ந்து முன்னால் போயிற்று. அதைப் பார்த்துப் பின்னால் வந்த பூரனுக்கும் கை கால் குழம்பிற்று. அவனைப் பார்த்து அடுத்தவனுக்கு. இரண்டு சுற்று முடிவதற்குள் முப்பது பேரும் கயிற்றில் கட்டி ஆட்டிவிட்ட பொம்மைகள் போல நடந்துகொண்டிருந்தார்கள். கமாண்டிங் ஆபீசரின் ஜீப் அந்தப் பக்கம் வந்து, மெதுவாகி, பிறகு வேகமாகப் போய்விட்டது.

குந்தன் ஒரு சின்ன நோட்டை எடுத்து ஓரமாக நின்று ஏதோ எழுதினான்.

“என்னப்பா எழுதுற?”

“உஸ்தாத் சொன்னதெல்லாம் மறக்காம இருக்க.”

“நல்லது” என்றார் திரிலோக். அந்த நோட்டை அவன் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது.

துப்பாக்கி சுடும் நாளன்று குந்தனுக்குப் பக்கத்தில் தானே படுத்துக்கொண்டார். “மூச்சை நிறுத்து. பதறாத. நான் இருக்கேன்.” ஐந்து குண்டு சுட்டான். குந்தனின் இலக்குப் பலகையில் ஒரு பொத்தல்கூட இல்லை. பூரனின் பலகையில் பத்துப் பொத்தல். அதில் ஐந்து நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம் போல நெருக்கமாக இருந்தன.

“அடுத்தவன் பலகையா?” என்றார் திரிலோக். “பரவாயில்லப்பா. குண்டு போன இடம் தப்பு. போன விதம் நல்லாத்தான் இருக்கு.” பிறகு எழுந்து, மண்மேட்டுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காத இடத்தில் தன் தொப்பியைக் கீழே போட்டு மிதித்தார்.

அடுத்து பூட்ஸ். குந்தனின் பூட்ஸில் பாலிஷ் திட்டுத்திட்டாக இருந்தது. சொல்லிப் பார்த்து, காட்டிப் பார்த்து, கடைசியில் திரிலோக்கே சப்பணம் போட்டு உட்கார்ந்து துணியைச் சுற்றித் தேய்த்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஹவில்தார் ஒருவர் சிப்பாய் பூட்ஸைத் தேய்த்ததை, சிப்பாய்கள் தங்கும் அந்தப் பாரக் பார்த்ததில்லை. பாரக் சும்மா இருக்குமா?

மறுநாள் காலை வாசலில் பூரன் நின்றான், கையில் பூட்ஸோடு. அவனுக்குப் பின்னால் ஆறு பேர்.

“என்னடா?”

“எனக்கும் மனசு சரியில்லை உஸ்தாத். கொஞ்ச நாளா இடது எது வலது எதுன்னு தெரியலை.”

“எனக்கும் பருப்புச் சோறு வாங்கிக் குடுத்து என்ன கஷ்டம்னு கேளுங்க உஸ்தாத்” என்றான் இன்னொருத்தன்.

திரிசூலில் ஆரம்பித்துப் பஞ்சசூலியின் ஐந்து முடியையும் தனித்தனியாகச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஒருத்தனைத் தேத்தப் போய் முப்பது பேரும் கெட்டுப்போனார்கள். மேஜரிடம் போய்ச் சொன்னால், “பொறுமை, திரிலோக். இன்னும் எட்டு நாள்தானே” என்று அதே சிரிப்பு.

முப்பத்தொன்பதாம் நாள் ஒத்திகை. மறுநாள் காவல் மாற்றும் அணிவகுப்பைப் பார்க்க பிரிகேடியர் வருகிறார். நிற்கிற பத்துப் பேரில் உடுப்பும் நடையும் முதல்தரமாக இருப்பவனுக்கு அன்று காவல் கிடையாது. அதிகாரியின் கோலைத் தூக்கிக்கொண்டு கூடவே போவான். கோல்காரன் என்று பெயர். அதற்காகச் சட்டையை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிறவர்கள் உண்டு. அந்தப் பத்துப் பேரில் குந்தனும் நிற்க வேண்டும் என்று மேஜரின் உத்தரவு.

ஜனவரிக் குளிர். “சலாமி… சஸ்திர்!” என்று, துப்பாக்கியை நேரே நிமிர்த்தி மரியாதை செய்யும் கட்டளையைக் கொடுத்தார் திரிலோக்.

டணார் என்று ஒரு சத்தம். குந்தனின் துப்பாக்கி தரையில் கிடந்தது.

பட்டாளத்தில் துப்பாக்கியைக் கீழே போடுவது பெற்ற தாயைக் கீழே போடுவதற்குச் சமம். தூரத்தில் வராந்தாவில் மேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரிலோக் குந்தனை நோக்கி நடந்தார். திரிசூல், நந்தா தேவி, நந்தா கோட், பஞ்சசூலி. சிகரம் எல்லாம் தீர்ந்துபோயிற்று. கோபம் தீரவில்லை. முப்பத்தொன்பது நாள் அமுக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறி வந்தது. நட்சத்திரமாவது மண்ணாவது, இன்றைக்கு இவனை விடுவதில்லை.

கிட்டே போனவர் பையனின் முகத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் நின்றது. கீழே பார்த்தார். விரல்கள் குளிரில் நீலம் பாரித்திருந்தன.

முதல் வருஷம் பனியில் நின்றபோது தன் விரல்களும் இப்படித்தான் இருந்தன. அன்றைக்குத் தன் உஸ்தாத் என்ன செய்தார் என்பது திரிலோக்குக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிடரியில் அடித்தார்.

குனிந்து துப்பாக்கியை எடுத்தார். துடைத்தார். தன் கம்பளிக் கையுறையைக் கழற்றினார்.

“முதல்ல இதைப் போட்டுக்க. விரல் விறைச்சா யார் கையிலயும் துப்பாக்கி நிக்காதுடா. சூடு வந்ததும் திரும்பச் செய்வோம். ஒண்ணும் ஆயிடல.”

சொன்ன பிறகுதான், இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை என்று அவருக்கே தெரிந்தது. குந்தன் விசும்பிவிட்டான்.

மறுநாள் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே நம்பவில்லை. குந்தன் நடந்தான் பாருங்கள், அதுதான் நடை! திருப்பம் ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியது போலிருந்தது. பூட்ஸில் பிரிகேடியர் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். சுற்றி வந்து, குந்தன் முன்னால் நின்று, “இவன்தான் கோல்காரன்” என்றார்.

திரிலோக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மத்தியானமே மேஜர் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்ட சிபாரிசைக் காட்டினார். “சபாஷ், திரிலோக். நல்லாத் தேத்தியாச்சு.”

பதவிக்கான போட்டோவுக்காகப் பட்டாள நாவிதர் சோட்டே லாலின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார் திரிலோக். முப்பது வருஷமாக எல்லாக் கம்பெனித் தலையும் சோட்டே லாலின் கையில்தான். சோப்பு நுரையைக் குழைத்துப் பூசி, கத்தியைத் தீட்டினார்.

“பார்த்தியா சோட்டே லால்? என் பையன் கோல்காரன் ஆயிட்டான்! கத்தாமலே ஆளாக்கினேன். மாமியார் வீட்டுல கேட்டா ஒருத்தன்கூட நம்ப மாட்டான்.”

“பார்த்தேன் உஸ்தாத். பன்னிரண்டாவது தடவையாச்சே.”

“எது பன்னிரண்டாவது?”

“கோல். டெல்டா கம்பெனியில பதினொரு தடவை அவன்தானே தூக்கினான்! அங்க அவனை மாதிரி ஒருத்தன் கிடையாது. உங்க மேஜர் சாப் கெஞ்சிக் கூத்தாடி நாற்பது நாளைக்கு வாங்கிட்டு வந்தார். மத்ததெல்லாம் சிரிச்சுக்கிட்டே செஞ்சான் பாவம். துப்பாக்கியைக் கீழ போடச் சொன்னப்பதான் ‘மாட்டேன்’னு இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதான்.”

திரிலோக்கின் கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கின. ஒரு சிகரத்தின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

“அப்போ… தினம் எழுதுவானே, அந்த நோட்டு?”

“ஆடாதீங்க உஸ்தாத், கத்தி தொண்டையில இருக்கு” என்றார் சோட்டே லால். “முடி வெட்டும்போது அந்த நோட்டை இங்கதான் வெப்பான். அட்டையில ‘தேத்த வேண்டிய ஆள்’னு எழுதி, கீழ உங்க பேரைப் போட்டிருந்தான்.”